மொழிப் பட்டியலைத் திருத்தப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடியில் இருக்கும் எங்கள் சிறிய அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம், ஒவ்வொரு மொழிக்கும் ஒரு சுருக்கக் குறியீடு கொடுக்கும் மென்பொருளின் மொழி அமைப்புப் பக்கத்தைத்தான் முதல் வேலையாகக் கொடுப்பேன். போன மாதம் வந்த மாணவி தமிழுக்கு டி.என். என்று குறியீடு போட்டிருந்தார். காரணம் கேட்டதற்கு, “தமிழ்நாடு என்றால் டி.என். தானே சார்? வேலூர் வண்டியில்கூட டி.என். 23 என்றுதானே இருக்கிறது?” என்றார். பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதே காரணத்தைச் சொல்லி, இதே இரண்டு எழுத்தைத்தான் போட்டேன். அதனால் விளைந்ததை இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. அதற்காகவே இதை எழுதுகிறேன். காற்புள்ளி விட்டுப்போவது, மேற்கோள் குறியை மூடாமல் விடுவது போன்றவற்றைக் கருவியே காட்டிக்கொடுத்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நாட்டின் குறியீட்டை மொழிக்குப் போடுவது

உலகத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. வெளியிடும் பட்டியல்களில், மொழிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 639 பட்டியல் வேறு, நாடுகளுக்கான ஐ.எஸ்.ஓ. 3166 பட்டியல் வேறு. இரண்டிலும் இரண்டெழுத்துக் குறியீடுகள் இருப்பதால்தான் குழப்பம். தமிழ் என்றால் டி.ஏ. மொழிப் பட்டியலில் டி.என். என்பது போட்ஸ்வானாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பேசப்படும் செட்ஸ்வானா. ‘இந்திய மொழி’ என்று எண்ணி ஐ.என். போட்டால் அது இந்தோனேசிய மொழியின் பழைய குறியீடு. 1989இல் அதை ஐ.டி. என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் ஆண்ட்ராய்டு செயலிகளில் இந்தோனேசிய மொழிக் கோப்புறைக்கு இன்றும் ஐ.என். தான் பெயர். மலேசியாவை நினைத்து எம்.ஒய். போட்டால் பர்மிய மொழி வந்து நிற்கும். எஸ்.ஐ. நாடாக இருந்தால் ஸ்லோவேனியா, மொழியாக இருந்தால் சிங்களம்.

நாட்டைச் சொல்லியே ஆக வேண்டுமானால் மொழிக்குப் பின்னால் சேருங்கள். டி.ஏ-ஐ.என். என்றால் இந்தியத் தமிழ், இலட்சம் 1,00,000 என்று வரும். டி.ஏ-எஸ்.ஜி. என்றால் சிங்கப்பூர்த் தமிழ், அதே எண் 100,000 என்று வரும்.

பழைய குறியீட்டை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவது

தவறான குறியீட்டைப் போடுவதைவிடப் பெரிய தவறு இது. தவறான குறியீடு உள்ளே ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். அதைத் திருத்துகிற நாளில்தான் எல்லாம் உடையும்.

எங்கள் பக்கத்தில் ஒரு கண் மருத்துவமனைக்கு டோக்கன், மறுவருகைச் செய்தி ஆகியவற்றுக்கான மென்பொருள் செய்து கொடுத்திருந்தேன். தமிழுக்கு டி.என். மொழிபெயர்ப்புக் கோப்புறையின் பெயரும் அதுவே என்பதால் இரண்டு ஆண்டுகள் ஒரு குறையும் இல்லை. ஒரு மே மாதக் கடைசியில் தேதிகளைக் கையாளும் நிரல்தொகுப்பைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். ஜூன் முதல் தேதி காலையில் வரவேற்பறையிலிருந்து அழைப்பு வந்தது. சீட்டில் எல்லாம் தமிழில் இருக்க, மாதம் மட்டும் ‘சீட்டெபொசிகோ’ என்று ஆங்கில எழுத்துகளில் அச்சாகிறது என்றார்கள். செட்ஸ்வானாவில் ஜூன் மாதத்தின் பெயர் அது. பழைய நிரல்தொகுப்புக்கு அந்த மொழி தெரியாது, புதியதற்குத் தெரிந்திருந்தது.

தவறு புரிந்த மகிழ்ச்சியில் அன்றிரவே டி.என். இருந்த இடங்களில் டி.ஏ. என்று மாற்றினேன். பட்டியலில் மாற்றினேன், கோப்புறைப் பெயரை மாற்றினேன், சீட்டை அச்சிட்டுப் பார்த்தேன். தமிழ் சரியாக வந்தது. வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஒன்றை மாற்றவில்லை. ஒவ்வொரு நோயாளியின் பதிவிலும் அவர் விரும்பிய மொழி டி.என். என்றே சேமிக்கப்பட்டிருந்தது. மறுநாளிலிருந்து மென்பொருள் அந்தப் பதிவுகளைப் படித்து, அப்படி ஒரு மொழியே பட்டியலில் இல்லை என்று கண்டு, சத்தமில்லாமல் ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. நாடு குறிக்காத ஆங்கிலம் என்பதால் தேதியும் அமெரிக்க முறையில், மாதம் முன்னும் நாள் பின்னுமாக வந்தது.

குடியாத்தத்திலிருந்து வரும் ஓர் அம்மாவுக்குக் கண்புரை அறுவைக்குப் பிறகு ஜூன் 7 மறுவருகை. அவருக்குப் போன செய்தியில் 6/7 என்று இருந்தது. மகன் படித்துப் பார்த்து, ஜூலை ஆறாம் தேதி என்று சொல்லியிருக்கிறார். ஜூலை 6 காலை முதல் பஸ் பிடித்து வந்துவிட்டார். தீர்ந்துபோன சொட்டு மருந்துக் குப்பியை முந்தானையில் முடிந்து எடுத்து வந்திருந்தார். அன்று நான் வேறு வேலையாக அங்கே இருந்தேன். வரவேற்பறைப் பெண், “போன மாதமே வந்திருக்க வேண்டுமே அம்மா” என்றபோது, அவர் முடிச்சை அவிழ்த்துக் குப்பியை மேசைமேல் வைத்து, “சொன்ன தேதிக்குத்தானே வந்திருக்கிறேன்” என்றார். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மருத்துவர் சொல்லும்வரை நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

எனவே, திருத்தும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: இந்தக் குறியீடு எங்கெல்லாம் சேமிக்கப்பட்டிருக்கிறது? பயனர் பதிவுகள், செய்தி வார்ப்புருக்கள், காப்புப்பிரதிகள், கைப்பேசியில் இன்னும் புதுப்பிக்கப்படாத செயலிகள். பட்டியலையும் பதிவுகளையும் ஒரே இரவில், ஒரே நடவடிக்கையாக மாற்றுங்கள். பழைய செயலியிலிருந்து டி.என். என்று வந்தால் அதைத் தமிழாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனால் அந்தச் செயலியின் பதிப்பு எண்ணைப் பார்த்துத்தான் அப்படிச் செய்ய வேண்டும். டி.என். உண்மையான ஒரு மொழியின் குறியீடு. அதை நிரந்தரமாகத் தமிழுக்கு மாற்றுப்பெயராக வைத்தால், நாளை செட்ஸ்வானா பேசுபவர் ஒருவருக்கு நம் தமிழ் போய்ச் சேரும்.

உலகப் பொதுவான மொழிக்குறிப் பதிவேட்டை, இணையத்தின் பெயர்களையும் எண்களையும் பதிவுசெய்யும் ஐ.ஏ.என்.ஏ. அமைப்பு வைத்திருக்கிறது. அதைத் திறந்து பாருங்கள். காலாவதியான ஐ.என். அங்கே அழிக்கப்படவில்லை. ‘இதற்குப் பதில் ஐ.டி. பயன்படுத்துக’ என்ற குறிப்போடு இன்னும் இருக்கிறது. ஹீப்ருவின் பழைய ஐ.டபிள்யூ. குறியீடும் அப்படியே. ஜாவா என்ற நிரல்மொழி, 17ஆம் பதிப்பு வரும்வரை உள்ளுக்குள் இந்தப் பழைய குறியீடுகளையே வைத்திருந்தது.

குறியீட்டை விட்டுவிட்டு மொழியின் பெயரை மட்டும் திருத்துவதற்கு இவ்வளவு அச்சம் வேண்டாம். 2011இல் அரசியல் சாசனத்திலேயே ஒரியா என்ற பெயர் ஒடியா என்று திருத்தப்பட்டது. ஓ.ஆர். என்ற குறியீடு அசையவில்லை. பெயர் மாறிவிட்டதே என்று ஓ.டி. என்று ஒன்றைச் சொந்தமாக உருவாக்கி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெயரைப் பார்த்து மொழியை ஊகிப்பது

ஜவ்வாது மலை ஊர்களுக்கான ஒரு படிவத்தில், ‘மலையாளி’ என்று நிரப்பியவர்களுக்கெல்லாம் ஒரு மாணவர் எம்.எல். குறியீட்டைத் தானாகச் சேரும்படி எழுதியிருந்தார். எம்.எல். மலையாளம். ஆனால் இங்கே மலையாளி என்பது மலையில் வாழும் பழங்குடியினரின் பெயர். பட்டியல் பழங்குடியினர் ஆணையில் வட ஆற்காடு மாவட்டத்தின் பெயரோடே அது இடம்பெற்றிருக்கிறது. அவர்கள் பேசுவது தமிழ். வெளியே போகும் முன் பிடித்துவிட்டோம். இல்லையென்றால் பீஞ்சமந்தைக்காரர் கைப்பேசியில் மலையாள எழுத்து வந்திருக்கும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இஸ்லாமியப் பெயரைக் கண்டதும் உருது என்று போடுவதும் இதே தவறுதான். வீட்டில் தமிழ் பேசுகிற குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. கேட்டுப் போடுங்கள்.

கொடி

மொழிக்குக் கொடி கிடையாது. பட்டியலில் மொழிப் பெயருக்குப் பக்கத்தில் நாட்டுக் கொடியை வைக்காதீர்கள்.

மொழியின் பெயரை வேறு மொழியில் எழுதுவது

வேலூர் காந்தி ரோடு லாட்ஜ்களின் பலகைகளில் வங்க எழுத்து இருக்கிறது. வங்கத்திலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்கள் படிக்க வேண்டும் என்று கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. நம் மென்பொருளிலோ ‘வங்காளம்’ என்று தமிழில் எழுதி, அதை அவர்கள் கண்டுபிடித்து அழுத்த வேண்டும் என்கிறோம். ஒவ்வொரு மொழியின் பெயரும் அதன் சொந்த எழுத்தில் இருக்க வேண்டும்.

அடிக்கோடு

மொழிக் குறியீட்டையும் நாட்டுக் குறியீட்டையும் இணைக்கச் சில நிரல் சூழல்களில் அடிக்கோடு, இணையப் பக்கத்தில் சிறுகோடு. கலக்காதீர்கள்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு எழுத்து

‘கொங்கணி’ என்று தேடினால் பட்டியலில் வரவில்லை என்று ஒருவர் புகார் செய்தார். பட்டியலைத் திறந்தால் பெயர் இருக்கிறது. கொ என்ற எழுத்தில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். யூனிகோடு முறையில் இரண்டும் சமமானவை. இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் என்.எஃப்.சி. முறையில் சீராக்கிவிட்டால் தேடல் வேலை செய்யும். ‘சௌராஷ்டிரம்’ விஷயம் இன்னும் மோசம். ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்போடு ‘ள’ எழுத்தைத் தட்டியிருப்பார்கள். அச்சில் வேறுபாடே தெரியாது. எந்தச் சீராக்கமும் அதைத் திருத்தாது. அந்த ஒரு சொல்லை அழித்துவிட்டுக் கையால் மறுபடியும் தட்டுங்கள். எஸ்.ஏ.இசட். என்ற அதன் குறியீட்டில் மட்டும் கை வைக்காதீர்கள்.