ஊரில் பல் கட்டப் போகிறீர்களா? முதல் வாரமே போங்கள்

லீவுக்குத் திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் வருகிற நம் ஆட்கள், கல்யாணம், கோயில் கொடை, சொந்தக்காரர் வீடு எல்லாம் ஓடி முடித்துவிட்டு, கிளம்புகிற வாரம்தான் பல் டாக்டரைத் தேடுவார்கள். நானும் அப்படித்தான் மாட்டினேன்.

ஒரு கடைவாய்ப் பல்லுக்குக் கேப், அதாவது பல்லின் மேல் மாட்டும் உறை. மரத்த வாயோடு கடித்துப் பார்த்து "சரி" என்றுவிட்டேன். மறுநாள் அத்தை, "மக்கா, இந்த முந்திரிக்கொத்தைக் கடிச்சுப் பாரு" என்று நீட்டினார். அந்த ஒரு பல் மட்டும் முந்திக்கொண்டு இடித்தது. பற்களுக்கு நடுவே 0.02 மில்லிமீட்டர் தடிப்பு இருந்தாலே வாய்க்குத் தெரிந்துவிடும். தலைமுடிகூட அதைவிடத் தடிப்பு. ஒற்றைப் பல் தூக்கலாக இருந்தால் "பழகிடும்" என்று விட்டுவிடாதீர்கள். மரப்பு விட்டபிறகு திரும்பப் போய், கார்பன் தாளை நேராகவும் பக்கவாட்டில் அரைத்தும் கடித்துக் காட்டி, கறை அழுத்தமாக விழுந்த இடத்தை ராவச் சொல்லுங்கள். எல்லை தாண்டிக் கேரளத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் என்றால் மலையாளத்தில் "பொக்கமுண்டோ?" என்று கேட்பார்கள். உயரமாக இருக்கிறதா என்று அர்த்தம். இருந்தால் கூச்சப்படாமல் "உண்டு" என்று சொல்லிவிடுங்கள்.

தேய்ந்த பற்களை மொத்தமாக உயர்த்துவதும் புது பல் செட்டும் வேறு கதை. சும்மா இருக்கும்போது மேல், கீழ்ப் பற்கள் தொடுவதில்லை. 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். கடி உயரம், அதாவது பல்லைக் கடித்திருக்கும்போது இரண்டு தாடைக்கும் நடுவே உள்ள தூரம், கூடினால் கன்னத் தசையும் நெற்றிப்பொட்டுத் தசையும் இழுபட்டு நிற்கும். தாடை முதலில் புதிய ஓய்வு நிலை ஒன்றைப் பிடித்துக்கொள்ளும்; அப்புறம் தசை இழைகளே மெல்ல நீளத்தை மாற்றிக்கொள்ளும். வாரக்கணக்கில் ஆகும், சிலருக்கு மாதங்கள்கூட. அதனால் இந்த லீவில் தற்காலிக கேப் அல்லது கழற்றி மாட்டும் தகடு, அடுத்த லீவில் நிரந்தரம் என்று கேட்டுப் பாருங்கள். மூன்று வாரத்தில் எல்லாம் முடியும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

ஆரம்பத்தில் சாயங்காலம் கன்னம் கடுத்தால் பயப்பட வேண்டாம். ஆனால் "ச", "ஸ" சொல்லும்போதெல்லாம் பற்கள் தட்டிக்கொண்டே இருந்தால் உயரம் கூடிப்போயிருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை கஞ்சியும் பயறும், குழைய வெந்த மரச்சீனியும், மட்டிப்பழமும் போதும். நேந்திரங்காய் சிப்ஸ் பெட்டிக்குள் இருக்கட்டும்.

கிளம்பும்முன் எக்ஸ்ரேயையும் பல் அச்சையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அச்சைத் துணியில் சுற்றிக் கைப்பையிலேயே வையுங்கள், பெட்டியில் போட்டால் உடையும்.