கறியை நிறுத்துவதற்கு முன் தட்டில் என்ன வைக்கப் போகிறீர்கள்?

புரட்டாசி முடிந்த அடுத்த ஞாயிறு, காட்பாடியில் எந்தக் கறிக்கடைக்குப் போனாலும் காலை ஆறு மணிக்கே கூட்டம் நிற்கும். ஒரு மாதம் கவுச்சி தொடாமல் இருந்தார்கள், விரதம் முடிந்தது, சாப்பிடுகிறார்கள், அதில் தவறே இல்லை. ஆனால் கறி, முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மண்ணில் விளைவதை மட்டும் சாப்பிடலாம் என்று முடிவு செய்கிறவர்களும் இதே புரட்டாசிக் கணக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள். நாள் குறித்து, ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது. ஒரு மாதத்துக்கு அந்த வைராக்கியம் போதும், ஆயுசுக்குப் போதாது.

முதல் முறை நானும் அப்படித்தான் நிறுத்தினேன். கறிக்குழம்பு போன இடத்துக்கு எதுவும் வரவில்லை. சோறு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். மறுநாள் சோறு, வத்தக்குழம்பு, மறுபடி அப்பளம். வயிறு நிறைந்துவிடும், ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் கை நடுங்குகிற மாதிரி பசி வரும், டீக்கடையில் நின்று இரண்டு பஜ்ஜி சாப்பிட்டால்தான் அடங்கும். தை பிறப்பதற்குள் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது, பரிசோதனை செய்தால் ரத்தம் குறைவு. டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான்: "கறியை விட்டீங்க சரி, அதுக்குப் பதிலா என்ன சாப்பிடுறீங்க?" என்னிடம் பதில் இல்லை.

அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான். முதலில் தட்டில் புதிதாக ஒன்றைச் சேருங்கள், அது நாக்குக்கும் வயிற்றுக்கும் பழகட்டும், அப்புறம் பழையதை எடுங்கள்.

எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்புதான் பெரிய சோதனையாக இருந்தது. அம்மா அதில் மொச்சைக்கொட்டையும் முள்ளுக் கத்தரிக்காயும் போடுவார். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் என்றால் வேலூர்க்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம், 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. இரண்டாவது முறை ஆரம்பித்தபோது கருவாட்டை நிறுத்தச் சொல்லவில்லை, மொச்சையை இரண்டு மடங்காகப் போடச் சொன்னேன். இரண்டு மூன்று வாரம் கழித்துக் கருவாடு பாதியானது. கடைசியில் கருவாடே இல்லாமல், நல்லெண்ணெயில் பூண்டை முழுசாகப் போட்டுச் சிவக்க வதக்கி, புளியைக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து ஊற்றி, எண்ணெய் மேலே மிதந்து வரும்வரை கொதிக்கவிட்டார். தட்டில் மொச்சை நிறைய இருந்ததால் எதுவும் குறைந்த மாதிரித் தெரியவில்லை. மொச்சை இல்லாமல் வெறும் கத்தரிக்காயும் புளித்தண்ணியும் ஊற்றியிருந்தால் இரண்டாவது முறையும் நான் விட்டிருப்பேன்.

சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டால் புரதம் வந்துவிடும் என்று நினைப்பது அடுத்த தவறு. ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர்., அதாவது 60 கிலோ எடை இருப்பவருக்குச் சுமார் 50 கிராம். நம் வீட்டுச் சாம்பாரில் ஒரு கரண்டிக்கு எவ்வளவு பருப்பு வருகிறது என்று நீங்களே பாருங்கள், பாதிக்கு மேல் தண்ணீர்தான். பருப்பைக் கெட்டியாகக் கடைந்து கிண்ணத்தில் எடுத்துச் சாப்பிட வேண்டும், காராமணிச் சுண்டலோ பச்சைப்பயறோ தினமும் ஒரு வேளை வேண்டும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைகிற ஊரில் இருந்துகொண்டு புரதத்துக்கு டப்பா பவுடர் வாங்குவதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. 100 கிராம் மல்லாட்டையில் 25 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. ஒரு கைப்பிடி அவித்தோ வறுத்தோ சாப்பிட்டால் அந்த நாலு மணிப் பசி வராது.

ஆனால் சுண்டலே சாப்பிடாதவர் முதல் நாளே கொள்ளும் மொச்சையுமாக இரண்டு கிண்ணம் சாப்பிட்டால் வயிறு உப்பும், வாயு பிடிக்கும், "எனக்கு இதெல்லாம் ஒத்துக்காது" என்று அன்றோடு விட்டுவிடுவார். பாசிப்பருப்பில் ஆரம்பியுங்கள். பெரிய பயறுகளை ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இஞ்சி பெருங்காயம் போட்டு நன்றாகக் குழைய வேகவையுங்கள், அளவை வாராவாரம் ஏற்றுங்கள்.

சாப்பிட்ட கையோடு காபி, டீ குடிப்பதையும் தள்ளிப்போடுங்கள், ஒரு மணி நேரமாவது. கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்புச்சத்து கறியில் இருப்பதைப் போலச் சுலபமாக உடம்பில் சேராது, டீ அதையும் தடுத்துவிடும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நன்றாகச் சேரும். முருங்கைக்கீரையை வதக்கி இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சை பிழிந்துவிடுங்கள், சுவையும் நன்றாகத்தான் இருக்கும்.

இனிமேல் சொல்வதைத் தயவுசெய்து தள்ளிவிட்டுப் போகாதீர்கள். பி12 வைட்டமின் செடி கொடியில் கிடைக்காது. பழைய சோற்றில் இருக்கிறது, ஸ்பைருலினா பாசியில் இருக்கிறது என்று நிறையப் பேர் பகிர்கிறார்கள், பழைய சோறு நல்ல சாப்பாடுதான், ஆனால் பி12-க்கு அதை நம்பி உட்கார முடியாது. ஈரலில் சேமிப்பு இருப்பதால் விட்ட உடனே ஒன்றும் தெரியாது, வருடக்கணக்கில் நன்றாகவே இருப்பது போலத் தோன்றும், அப்புறம்தான் காலில் மதமதப்பு, மறதி, சோர்வு எல்லாம் வரும். என்னைப் பார்த்து அப்பாவும் கறியைக் குறைத்தார். அவர் பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர். பாதம் எரிகிறது என்று சொன்னபோது சர்க்கரைக்காரர்களுக்கு வருவதுதானே என்று நாங்கள் விட்டுவிட்டோம், ஏறக்குறைய ஒரு வருடம். கடைசியில் பார்த்தால் பி12 அடிமட்டத்தில் இருந்தது. மெட்ஃபார்மினே பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. ஆரம்பிக்கும்போதே ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள், மாத்திரையை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று, இந்தப் பக்கம் வருகிறவர்கள் கூடவே இந்துப்புக்கும் மாறிவிடுகிறார்கள். மீனும் பாலும் முட்டையும் போய், அயோடின் கலந்த உப்பும் போனால் அயோடின் எங்கிருந்து வரும்? சாதாரண பாக்கெட் உப்பே இருக்கட்டும்.

பாலைக் கறியோடு சேர்த்து நிறுத்தாமல் கடைசிக்கு வையுங்கள். மோர், தயிர், காபி என்று அது நாள் முழுக்க நம்மோடு வருவது. அதற்கு முன்பே கேழ்வரகுக் களியோ கூழோ வாரத்தில் நாலைந்து நாள் பழகியிருக்க வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. தேங்காய்ப்பாலை மாட்டுப்பாலுக்குச் சமம் என்று நினைக்காதீர்கள், அதில் கால்சியமும் புரதமும் குறைவு.

ஆம்பூர்ப் பக்கம் கல்யாணத்துக்குப் போனால் பிரியாணி வாசனை மண்டபத்துக்கு வெளியிலேயே வரும். பசியோடு போகாதீர்கள், வீட்டில் ஒரு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பந்தியில் உட்கார்ந்துகொண்டு பக்கத்து இலைக்காரருக்குப் புத்தி சொல்லாதீர்கள், அவர் விருந்துக்கு வந்திருக்கிறார். ஒருநாள் தவறிச் சாப்பிட்டுவிட்டால் "எல்லாம் போச்சு" என்று கைவிடவும் வேண்டாம், மறுநாள் காலையில் ஊறவைத்த பயறு அடுப்படியில் தயாராக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.