மலையாளி என்றால் மலையாளம் இல்லை: மனநல உதவி எண்ணை எல்லோருக்கும் கொண்டுபோகும்போது சறுக்கும் இடங்கள்

ஏற்காட்டைத் தாண்டி ஒரு மலைக் கிராமத்திலிருந்து எங்கள் மனநல உதவி எண்ணுக்கு ஒரு அழைப்பு. எடுத்த பெண் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. படிவத்தில் 'சமூகம்' என்று ஒரு கட்டம். கேட்டாள். "மலையாளிங்க" என்றார் அவர். இவள் மொழி: மலையாளம் என்று குறித்து, மலையாளம் தெரிந்த ஒருவருக்கு இணைப்பை மாற்றிவிட்டாள். அந்தப் பக்கம் அரை நிமிடம் ஒன்றும் புரியாமல் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். மறுபடி வரவில்லை.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் மலையாளி என்பது ஒரு பழங்குடியின் பெயர். அவர்கள் பேசுவது தமிழ். அடிவாரத்தில் இருக்கும் சேலத்திலேயே இது பலருக்குத் தெரியாது, அந்தப் பெண்ணைக் குறை சொல்லி என்ன செய்வது? என்னைக் கேட்டால் தப்பு படிவத்தில். அழுதுகொண்டிருப்பவரிடம் முதல் கேள்வியாகவா சமூகத்தைக் கேட்பது? "சாதியை எதுக்கு விசாரிக்கறாங்க" என்றுதான் காதில் விழும்.

மொழிப் பட்டியல் நீளமாக இருந்தால் வேலை முடிந்தது என்ற நினைப்பும் உண்டு. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய மத்திய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையில் 14416 என்ற இலவச எண்ணை அழைத்து மொழியைத் தேர்ந்தெடுக்கலாம். 20 மொழிகள் இருக்கின்றன. நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் சேலத்துத் தறிக்காரர் வீடுகளில் சௌராஷ்டிரம், கன்னடம், தெலுங்கு எல்லாம் புழங்குகின்றன. வெளியில் தமிழ் சரளம். மனசு உடையும்போது வாயில் வருவது வீட்டு மொழி. அந்த நேரத்தில் "தமிழ்ல சொல்லுங்க" என்று இடைமறிக்காமல் காத்திருந்தால் போதும், அவர்களே தமிழுக்கு வந்துவிடுவார்கள்.

வடக்கிலிருந்து வந்த தொழிலாளிகள் எல்லோருக்கும் இந்தி என்று முடிவுகட்டுவதும் இதே ரகம். ஒடியா பேசுகிறவரும் வங்காளம் பேசுகிறவரும் அதில் இருக்கிறார்கள். இதைவிட மோசம், மொழி தெரியவில்லை என்று பக்கத்தில் நிற்கும் மேஸ்திரியிடம் போனைக் கொடுக்கச் சொல்வது. கூலி பாக்கிதான் அழைத்தவர் பிரச்சினை என்றால், பாக்கி வைத்தவரே மொழிபெயர்ப்பாளர்!

அடுத்தது வார்த்தை. "உளவியல் நெருக்கடி உதவி மையம்" என்று சுவரொட்டி அடித்தால் கொலுசுப் பட்டறையில் இருப்பவர் அது வேறு யாருக்கோ என்று நினைத்துக் கடந்துபோவார். அவர் சொல்வது "நெஞ்சு அடைக்குதுங்க", "தூக்கமே இல்லீங்கண்ணா", "மனசு வெறுத்துப்போச்சு". "டிப்ரஷனா?" என்று கேட்டால் "அதெல்லாம் இல்லீங்க" என்பார். "வெறுத்துப்போச்சுன்னா எப்படிங்க? சாகலாம்னு தோணுதுங்களா?" என்று அவர் சொல்லையே பிடித்து நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று புதியவர்கள் பயப்படுகிறார்கள், அப்படி ஆகாது.

நான் அதிகம் சண்டை போட்டது திரும்ப அழைக்கும் விஷயத்தில். இணைப்பு அறுந்தால் உடனே திரும்ப அழைப்பது விதி. மலையில் சிக்னல் வளைவுக்கு வளைவு போகும், வரும். அதனால் விதி நியாயமாகத்தான் தெரியும். ஆனால் பல பெண்கள் பேசுவது வீட்டுக்காரர் போனில், அவர் குளிக்கப் போன நேரத்தில். நாம் திரும்ப அழைத்தால் எடுப்பது அவர். எனவே பேச்சின் தொடக்கத்திலேயே கேட்டுவிட வேண்டும்: "லைன் கட்டானா நான் கூப்பிடலாமாக்கா? வேற யாராவது எடுத்தா என்ன சொல்லட்டும்?" ஒரு அக்கா சிரித்துக்கொண்டே, "ரேஷன் கடைன்னு சொல்லிடு சாமி" என்றார். அப்படிப் பொய் சொல்லக் கூடாது என்று மேலே ஒருவர் ஆட்சேபித்தார். "ராங் நம்பருங்க" என்று வைத்துவிடுவது என முடிவானது.

போலீஸ் பயத்தையும் சும்மா விடக் கூடாது. தற்கொலைக்கு முயன்றால் கேஸ் என்று இன்னும் நம்புகிறார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 115, வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. ஆளை அனுப்ப வேண்டிய அளவுக்கு ஆபத்து என்றால் 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது.

அப்படி அனுப்பும்போது பின்கோடு கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். "பஸ் எங்கீங்க நிக்கும்? அங்கிருந்து எவ்வளவு தூரம் நடக்கணும்?" எஸ்டேட் லைன் வீடுகளுக்கு வழி கண்டுபிடிக்க அதுதான் உதவும். எங்கள் படிவத்தில் சமூகம் என்ற கட்டத்தை அடித்துவிட்டு, அந்த இடத்தில் 'பஸ் நிற்கும் இடம்' என்று பேனாவால் எழுதி வைத்திருக்கிறோம்.