வைரஸ் எச்சரிக்கை வந்தால் உடனே அனுப்பாதீர்கள்

சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் 'இந்தப் படத்தைத் திறந்தால் போன் போய்விடும், எல்லாருக்கும் அனுப்புங்கள்' என்று மாமாவோ அக்காவோ போடுவது அக்கறையில்தான், கோபப்படாதீர்கள். ஆனால் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கைமாறி வந்தது. எல்லாருக்கும் அனுப்பச் சொல்லிக் கெஞ்சும் எச்சரிக்கையை நான் நம்புவதே இல்லை.

அப்புறம், அது சொல்கிறதே என்று எதையும் அழிக்காதீர்கள். 2002-இல் கரடிப் படம் போட்ட ஒரு கோப்பு வைரஸ் என்று மின்னஞ்சல் பரவி, பலர் விண்டோஸோடு வந்த நல்ல கோப்பையே தங்கள் கையால் அழித்துவிட்டார்கள்.

வந்த எச்சரிக்கையில் ஒரு வரியை கூகுளில் தேடுங்கள், இல்லையென்றால் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் 2017-இல் தொடங்கிய, செய்தி உண்மையா பொய்யா என்று சொல்லும் செபெனார்ஞா தளத்தில் பாருங்கள். பொய்யா, சரி, அனுப்பியவரிடம் தனியாகச் சொல்லுங்கள், குழுவில் வைத்துச் சொன்னால் பெரியவர்கள் முகம் வாடிவிடும். அவரே திருத்திப் போடட்டும்.