பவர் ஆட்டோமேட்டில் வேரியபிள் வைத்து மொத்தம் கூட்டுவது எப்படி?

பவர் ஆட்டோமேட் என்பது வேலைகளைத் தானாக நடத்தும் மைக்ரோசாஃப்ட் கருவி; அதில் அமைக்கும் வேலைத் தொடர்தான் ஃப்ளோ. எக்செல் டேபிளில் உள்ள பில் தொகைகளைக் கூட்டி மெயிலில் அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ட்ரிகருக்கு (ஃப்ளோவைத் தொடங்கிவைக்கும் படி) அடுத்தபடியே ‘இனிஷியலைஸ் வேரியபிள்’ சேருங்கள்; மதிப்பைச் சேமிக்கும் வேரியபிளை உருவாக்குவது இதுதான். லூப்புக்குள்ளோ (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) கண்டிஷனுக்குள்ளோ அதை வைக்க முடியாது. பெயர் ‘டோட்டல்’, வகை ஃப்ளோட் (தசம எண்), மதிப்பு 0. இன்டிஜர் (முழு எண்) என்று கொடுத்தால் 250.50 வந்ததும் ஃப்ளோ நின்றுவிடும்.

அடுத்து, டேபிளின் வரிசைகளை எடுக்கும் ஆக்‌ஷன். அது தானாக 256 வரிசைகளைத்தான் தரும். கூடுதலாக இருந்தால் செட்டிங்ஸில் பேஜினேஷனை (மீதி வரிசைகளையும் தொடர்ந்து எடுக்கும் வசதி) ஆன் செய்யுங்கள். இதை மறந்தால் எந்தப் பிழையும் காட்டாது, மொத்தம் மட்டும் குறையும், கண்டுபிடிப்பது கஷ்டம்.

பிறகு ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சுற்று ஓடும் ‘அப்ளை டு ஈச்’ லூப், அதற்குள் வேரியபிளில் தொகையைக் கூட்டும் ‘இன்கிரிமென்ட் வேரியபிள்’. எக்செல் எண்ணையும் எழுத்தாகவே அனுப்பும் என்பதால் தொகையை, எழுத்தை எண்ணாக மாற்றும் ஃப்ளோட்() ஃபங்ஷனுக்குள் போடுங்கள். காலிக் கட்டம் ஒன்று இருந்தாலும் அந்த ஃபங்ஷன் தடுக்கி விழும். லூப்புக்கு முன்பே ‘ஃபில்டர் அரே’ வைத்துக் காலி வரிசைகளைக் கழித்துவிடுங்கள். வேரியபிளுக்குப் புது மதிப்பு கொடுக்கும் ‘செட் வேரியபிள்’ இங்கே உதவாது: டோட்டலின் புது மதிப்பில் டோட்டலையே குறிப்பிட அது விடாது.

வேகத்துக்காக லூப்பில் கன்கரன்சியை (பல சுற்றுகளை ஒரே நேரத்தில் ஓட்டுவது) ஆன் செய்யாதீர்கள். வேரியபிள் ஃப்ளோ முழுவதற்கும் ஒன்றே. ஒரே நேரத்தில் பல சுற்றுகள் அதைத் தொட்டால் முடிவு தவறாகலாம். அந்தந்தச் சுற்றுக்கு மட்டும் தேவையான மதிப்புக்கு, வேரியபிள் இல்லாமலே மதிப்பை வைத்துக்கொள்ளும் ‘கம்போஸ்’ ஆக்‌ஷன் போதும்.