ஸ்காட்லாந்தில் முதல் கால்பந்து ஆட்டம்: புதிதாக வருபவர்களுக்குச் சில குறிப்புகள்

ஸ்காட்லாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து சேர்ந்த சில வாரங்களுக்குள், அலுவலகத்திலோ பிள்ளைகளின் பள்ளி வாசலிலோ முடிதிருத்தகத்திலோ, "நீங்கள் எந்த அணி?" என்று யாராவது உங்களைக் கேட்டுவிடுவார்கள். கிரிக்கெட்டோடு வளர்ந்த நம்மில் பலருக்கு உடனே பதில் வராது. அந்தப் பதிலைத் தேடிக்கொள்ள நல்ல வழி, ஒரு சனிக்கிழமை பிற்பகலில் அருகிலுள்ள மைதானத்துக்கு நேரில் போய் ஒரு லீக் ஆட்டத்தைப் பார்ப்பதுதான். எந்த ஆட்டத்தில் தொடங்குவது என்பதில் மட்டும் கொஞ்சம் யோசனை வேண்டும்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கிளாஸ்கோவின் செல்டிக், ரேஞ்சர்ஸ் என்ற இரு பெரும் அணிகளின் பெயரைத்தான் கேள்விப்பட்டிருப்பார்கள். முதல் ஆட்டமே அவ்விரு அணிகளும் மோதுவதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். அந்த ஆசையைச் சிறிது தள்ளிவையுங்கள் என்பதே என் கருத்து. ஏறத்தாழ 60,000 பேர் அமரும் செல்டிக் பார்க்கிலும் 50,000 பேருக்கு மேல் அமரும் ஐப்ராக்ஸிலும் பெரும்பாலான இருக்கைகள் பருவச் சீட்டு (ஒரு பருவத்தின் சொந்த மைதான லீக் ஆட்டங்களுக்கு மொத்தமாக வாங்குவது) வைத்திருப்பவர்களுக்கே உரியவை என்பதால், இரு அணிகளும் மோதும் நாளில் வெளியாளுக்கு டிக்கெட் கிடைப்பது மிக அரிது. அதைவிட முக்கியமான காரணமும் உண்டு. செல்டிக், அயர்லாந்திலிருந்து குடியேறிய ஏழைக் கத்தோலிக்கர்களுக்கு உதவும் நோக்கத்தோடு 1887இல் தொடங்கப்பட்டது. 1872இல் உருவான ரேஞ்சர்ஸுக்குப் பின்னால் நகரத்தின் புராட்டஸ்டன்ட் சமூகம் திரண்டது. இந்தப் பகைமையில் மதம், அயர்லாந்து அரசியல், குடும்ப மரபு என எல்லாம் கலந்திருக்கின்றன. ஆட்டத்தில் எழும் பாடல்கள் சிலவற்றுக்கு அந்த வரலாறு தெரியாமல் பொருள் புரியாது. பின்னணி தெரியாமல் அதற்குள் நுழைவதைவிட, ஊர் சற்றுப் பழகிய பின் போவது நல்லது.

ஸ்காட்லாந்து லீக்கில் மொத்தம் 42 அணிகள் நான்கு அடுக்குகளாக விளையாடுகின்றன: மேல் அடுக்கான பிரீமியர்ஷிப்பில் 12, அதன் கீழுள்ள மூன்றிலும் பத்துப் பத்து. கிளாஸ்கோவில் இருப்பவர்கள் பார்ட்டிக் திஸ்ஸில் அணியின் ஃபர்ஹில் மைதானத்தில் தொடங்கலாம் (பெயரில் பார்ட்டிக் என்ற பகுதி இருந்தாலும் மைதானம் 1909இலிருந்து மேரிஹில் என்ற வேறு பகுதியில்தான் இருக்கிறது). நகரத்தின் இரு பெரும் முகாம்களுக்கும் வெளியே நிற்கும் அணி என்பதால், "எந்த அணி?" என்ற கேள்விக்கு அதன் பெயரைச் சொன்னால் பெரும்பாலும் ஒரு சிரிப்போடு பேச்சு முடிந்துவிடும். எடின்பரோவில் ஹார்ட்ஸ், ஹிபர்னியன் ஆகிய இரண்டின் மைதானங்களும் ஏறத்தாழ 20,000 பேர் கொள்பவை. நகர மையத்திலிருந்து நடந்தே போகலாம். டண்டியில் படிக்கும் மாணவர்களுக்கு வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு காட்சி காத்திருக்கிறது: டண்டி, டண்டி யுனைடெட் என்ற இரு அணிகளின் மைதானங்களும் ஒரே தெருவில், கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அபர்டீன்காரர்களுக்குக் கடலோரம் பிட்டோட்ரி மைதானம் இருக்கிறது. 1983இல் அலெக்ஸ் ஃபெர்குசனின் பயிற்சியில் ரியல் மாட்ரிடை வீழ்த்தி ஐரோப்பியக் கோப்பையொன்றை வென்றது அங்கே ஆடும் அபர்டீன் அணி என்பதை அவ்வூர் மக்கள் உங்களுக்குத் தாமாகவே சொல்லிவிடுவார்கள்.

டிக்கெட்டைக் கழகத்தின் இணையதளத்திலேயே வாங்குங்கள். கீழ் அடுக்குகளில் பெரியவருக்கான கட்டணம் குறைவு. மேல் அடுக்கில் அதைவிடக் கூடும். சிறுவர்களுக்குப் பல கழகங்கள் மிகக் குறைந்த கட்டணமே வாங்குகின்றன, சிலவற்றில் பெரியவருடன் வரும் சிறுவருக்கு இலவசம். பிள்ளைகளோடு போவதாக இருந்தால் குடும்பங்களுக்கான பகுதியில் இடம் கேட்டு வாங்குவது நல்லது. வழக்கமான நேரம் சனிக்கிழமை பிற்பகல் 3 மணி. ஆனால் தொலைக்காட்சிக்காக ஆட்டம் வெள்ளி இரவுக்கோ ஞாயிறு நண்பகலுக்கோ மாற்றப்படுவது சாதாரணம் என்பதால், தேதியை மீண்டும் ஒருமுறை சரிபார்த்த பிறகே ரயிலுக்குப் பணம் கட்டுங்கள். கீழ் அடுக்கு மைதானங்களில் உறைபனியால் ஆட்டம் காலையில் ரத்தாவதும் உண்டு.

டிக்கெட் வாங்கும்போது கவனிக்க வேண்டியது, உள்ளூர் ரசிகர்களின் பகுதியும் வெளியூர் ரசிகர்களின் பகுதியும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கும் என்பது. உள்ளூர்ப் பகுதியில் எதிரணியின் நிறத்தில் உட்கார்ந்தால் உங்களை வெளியேற்றக்கூடும். அது உங்கள் பாதுகாப்புக்காகவும்தான். நிறத்தைப் பற்றி நம்மவர்கள் பலருக்கு எச்சரிக்கை போதாது. பச்சை என்றால் செல்டிக் அல்லது ஹிபர்னியன், நீலம் என்றால் ரேஞ்சர்ஸ், அரக்குச் சிவப்பு என்றால் ஹார்ட்ஸ் என்றே இங்குள்ள கண்கள் படிக்கும். இந்தியக் கிரிக்கெட் அணியின் நீலச் சட்டையை ஆசையாய் மாட்டிக்கொண்டு செல்டிக் பார்க்குக்குப் போக வேண்டாம். சாம்பல் அல்லது கறுப்பு மேலங்கி எங்கும் பொருந்தும்.

மைதானத்துக்குள் மது கிடையாது என்பது இங்கிலாந்திலிருந்து வருபவர்களையே வியக்க வைக்கும் விதி. 1980 மே மாதம் கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் மைதானத்தில் செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் மோதிய ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியாட்டம் முடிந்ததும் இரு தரப்பு ரசிகர்களும் திடலில் இறங்கி மோதிக்கொண்டனர். அதைத் தொடர்ந்து அவ்வாண்டே வந்த சட்டம் மதுவை மைதானத்திலிருந்து விலக்கியது. விருந்தினர் அறைகளுக்குச் சில விலக்குகள் உண்டு. மற்றவர்கள் மதுவோடு நுழைய முயல்வதும், குடிபோதையில் நுழைய முயல்வதும் குற்றம். ரசிகர்களை ஏற்றிச் செல்லும் பேருந்துக்கும் மதுத் தடை உண்டு. மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருப்பவர் ஒரு பியர் டப்பாவுக்காகக் காவல்துறைப் பதிவில் பெயர் ஏறவிடுவது மடத்தனம். கண்ணாடிப் பாட்டில், வெடி, வண்ணப்புகைக் குழல் எதுவும் கூடாது. பெரிய தோள்பையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

குளிரைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. டிசம்பரில் கிளாஸ்கோவில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆகவே 3 மணி ஆட்டம் மங்கிய பகல் வெளிச்சத்தில் தொடங்கி, இரண்டாம் பாதி முழுக்க விளக்கொளியில் நடக்கும். உடம்பைவிடப் பாதம்தான் முதலில் விறைக்கும்: காங்கிரீட் படிக்கட்டின் குளிர் செருப்படி வழியே ஏறும். தடித்த காலுறை, கனத்த காலணி, குல்லாய், தலை மூடும் மழைக்கோட்டு ஆகியவை போதும். குடை வேண்டாம், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும், பல இடங்களில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

இடைவேளை பதினைந்து நிமிடம்தான். அதற்குள் எல்லாரும் உணவு ஜன்னலுக்கு ஓடுவதால், நாற்பதாவது நிமிடத்திலேயே எழுந்து போவோரைக் காண்பீர்கள். அங்கே விற்பது ஸ்காட்ச் பை என்னும் உள்ளங்கையளவு வட்டப் பண்டம்: மேல்மூடி விளிம்புக்குச் சற்றுக் கீழே அமிழ்ந்திருக்கும், நடுவில் சிறு துளை, உள்ளே மிளகு வாசனையோடு கொத்துக்கறி, ஓரத்தைக் கடித்தவுடன் சுடுகொழுப்பு மணிக்கட்டில் வழியும். மரபுப்படி அது ஆட்டிறைச்சி என்றாலும் இப்போது பெரும்பாலும் மாட்டிறைச்சியே. கூடவே காகிதக் கோப்பையில் விற்கும் போவ்ரில் என்ற சூடான கரும்பழுப்புப் பானமும் மாட்டிறைச்சிச் சாற்றிலிருந்து செய்வது. கடும் காப்பி என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள். சைவர்களுக்குப் பல மைதானங்களில் மக்ரோனி பை கிடைக்கும். அதே மாவுக் கிண்ணத்தில் பாலாடைக்கட்டியோடு மக்ரோனி நிரப்பியது. வயிற்றுக்குக் கனமானாலும் குளிருக்கு இதம். உருளைக்கிழங்கு வறுவலைச் சில இடங்களில் மாட்டுக்கொழுப்பில் பொரிப்பார்கள் என்பதால் கேட்டு வாங்குங்கள். ஹலால் தேவைப்படுவோர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவதே எளிது.

ஆட்டத்தின்போது நாலாபுறமும் வசைமொழி பறக்கும். அது பெரும்பாலும் நடுவருக்கானது. ஆனால் நிறத்தையோ இனத்தையோ மதத்தையோ குறித்து உங்களிடமோ ஆட்டக்காரரிடமோ யாராவது பேசினால், அதை ஊர் வழக்கம் என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பளிச்சென்ற மேற்சட்டை அணிந்த பாதுகாப்புப் பணியாளரிடம் இருக்கை வரிசையைக் குறிப்பிட்டு உடனே சொல்லுங்கள். பின்னர் 101 என்ற எண்ணில் காவல்துறையிடமும் முறையிடலாம், ஆபத்து என்றால் 999. நம் பகுதி மக்களுக்கு இந்தத் திடல்கள் முற்றிலும் அந்நியமானவையும் அல்ல: 1936இலேயே கல்கத்தாவின் முகமது சலீம், பூட்ஸ் இல்லாமல் கட்டுத்துணி சுற்றிய வெறுங்காலோடு செல்டிக்கின் இரண்டாம் நிலை அணிக்காக இரண்டு ஆட்டங்கள் ஆடியிருக்கிறார்.

ஆட்டம் பிடித்துப்போனால் அடுத்து லீக் அட்டவணை புரிய வேண்டும். பிரீமியர்ஷிப்பில் ஒவ்வோர் அணியும் 33 ஆட்டங்கள் ஆடி முடித்ததும் பட்டியல் மேல் ஆறு, கீழ் ஆறு என இரண்டாகப் பிரியும். கடைசி ஐந்து ஆட்டங்களும் அந்தந்தப் பாதிக்குள்ளேயே நடக்கும். இதனால் ஏழாம் இடத்து அணி ஆறாம் இடத்து அணியைவிட அதிகப் புள்ளிகளோடு பருவத்தை முடிக்கும் வேடிக்கையும் நேரலாம். பருவம் ஆகஸ்டிலிருந்து மே வரை ஓடுகிறது. நடுவில் வந்து சேர்ந்தவர்கள் முழுப் பருவச் சீட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை; பல கழகங்கள் டிசம்பர் வாக்கில் எஞ்சிய ஆட்டங்களுக்கான அரைப்பருவச் சீட்டை விற்கின்றன, அதைத் தவணையில் கட்ட முடியுமா என்றும் டிக்கெட் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.