ஒயர் அடைந்த டிராயரை ஒழுங்குபடுத்துவது எப்படி?

டிராயரை அப்படியே தரையில் கவிழ்த்துவிடுங்கள். உள்ளே வைத்தே பொறுக்கினால் பாதி அங்கேயே தங்கிவிடும். எந்தக் கருவிக்கு என்று ஒரு நிமிடத்தில் சொல்ல முடியாத ஒயரெல்லாம் மின்கழிவுக்கு.

அடாப்டர்களில் மட்டும் அவசரம் வேண்டாம். மேலே அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியரைக் கருவியோடு ஒப்பிடுங்கள். முனை பொருந்துகிறதே என்று 5 வோல்ட் கருவியில் 12 வோல்ட் அடாப்டரைச் செருகினால், கருவி போச்சு! பொருந்தியதில் கருவியின் பெயரை எழுதி ஒட்டுங்கள்.

ஒயரை முழங்கையில் சுற்றாதீர்கள். முறுக்கேறி உள்கம்பி அறும். உள்ளங்கை அகலத்தில் தளர்வாகச் சுற்றி, வெல்க்ரோ பட்டை போடுங்கள். ரப்பர் பேண்ட் நாளடைவில் இளகி ஒட்டிக்கொள்ளும்.

9 வோல்ட் பேட்டரியின் இரு முனையும் அருகருகே இருப்பதால், சாவிக்கொத்து பட்டாலே சூடேறித் தீப்பிடிக்கலாம். முனைகளில் டேப் ஒட்டித் தனியே வையுங்கள்.

டிராயருக்குள் வைக்கும் தடுப்புப் பெட்டிகளை இதற்குப் பிறகு அளந்து வாங்கினால் போதும்.